கையெழுத்துக்கு மேலே: நம் ரெஸ்யூமே பற்றி ஓர் ஆய்வு

தமிழ்நாட்டில் எந்த ஊர் ப்ரௌசிங் சென்டரில் அடித்து எடுத்த ரெஸ்யூமேயை வாங்கிப் பார்த்தாலும் அதன் கடைசிப் பத்தி ஒன்றுபோலவே இருக்கும். மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் எனக்குத் தெரிந்தவரை உண்மை என்று உறுதி கூறுகிறேன் என்ற வாக்கியம், இடது பக்கம் இடமும் தேதியும், வலது பக்கம் கையெழுத்துக்கு ஒரு வெற்றிடம். அதற்குச் சற்று மேலே தந்தை பெயர், பிறந்த தேதி, பாலினம், திருமணம் ஆனதா இல்லையா, மதம், தேசியம், தெரிந்த மொழிகள், பொழுதுபோக்கு. தாளின் உச்சியில் 'கேரியர் ஆப்ஜெக்டிவ்': சவாலான சூழலில் என் திறமைகளை முழுமையாகப் பயன்படுத்தி நிறுவனத்தோடு சேர்ந்து நானும் வளர விரும்புகிறேன். நடுவில் கட்டம் போட்ட மதிப்பெண் அட்டவணை. சீனியரிடம் வாங்கிய கோப்பில் பெயரையும் சதவீதத்தையும் மாற்றி ஜூனியருக்குக் கைமாற்றுவது வழக்கமாகிவிட்டதால், இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. உற்றுப் பார்த்தால் அரசு விண்ணப்பப் படிவத்தின் முகச்சாயல் தெரியும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு, தேர்வாணைய விண்ணப்பம், கல்லூரிச் சேர்க்கைப் படிவம் என்று தலைமுறைகளாக நிரப்பிப் பழகிய கை, வெள்ளைத் தாளைக் கொடுத்தாலும் அதே கட்டங்களை வரைகிறது. படிவத்தில் உறுதிமொழிக்கு வேலை உண்டு. தவறான தகவல் தந்தது பின்னால் தெரிந்தால் நியமனத்தை ரத்து செய்ய அது ஆதாரம். தனியார் நிறுவனத்துக்கு அனுப்பும் இரண்டு பக்கத் தாளில் அதற்கு எந்த வேலையும் இல்லை. பயோடேட்டா என்ற ஒரே சொல் கல்யாணத் தரகரிடமும் கம்பெனி வாசலிலும் புழங்குவதைத் தற்செயல் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. இரண்டு இடத்திலும் நாம் கொடுப்பது 'இவர் யார், எந்த வீட்டுப் பிள்ளை' என்ற கேள்விக்கான பதில்.

இந்தக் கட்டுரையின் வாதம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. வேலைக்கு ஆள் எடுப்பவர் கேட்பது வேறொரு கேள்வி: இவர் இதுவரை என்ன செய்திருக்கிறார், அதை வைத்து நாளைக்கு இங்கே என்ன செய்வார் என்று நான் ஊகிக்கலாம்? படிவம் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் தாளில் இல்லை, அல்லது நாலாவது இடத்தில் ஒளிந்திருக்கிறது. எழுத்துரு எது, எத்தனை பக்கம், புகைப்படம் வேண்டுமா வேண்டாமா என்று ரெஸ்யூமே பற்றிக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி வடிவத்தைச் சுற்றியே சுழல்கிறது. வடிவம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. வடிவம் பற்றிய ஒவ்வொரு கேள்விக்கும் விடை, 'செய்ததைப் படிப்பவர் கண்ணில் சீக்கிரம் படவைக்கிறதா' என்ற ஒரே உரைகல்லில்தான் கிடைக்கிறது. இதுவரை நடந்த ஆய்வுகளை அடுக்கிப் பார்த்தாலும் இந்தப் பக்கம்தான் எடை கூடுகிறது. ஆனால் இந்த வாதத்துக்கு எதிராக வலுவான ஆட்சேபங்களும் உண்டு. அவற்றையும் தட்டிக்கழிக்காமல் பார்க்க வேண்டும்.

முதலில் நேரக் கணக்கு. அமெரிக்காவின் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம், ஆள் எடுப்பவர்களின் கண் எங்கெங்கே போகிறது என்பதைக் கருவி வைத்துப் பதிவு செய்தது. ஒரு ரெஸ்யூமேயை முதல் பார்வையில் தள்ளவோ வைக்கவோ அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் 2012இல் ஏறத்தாழ 6 வினாடி. 2018இல் மறுபடி செய்தபோது 7.4 வினாடி. இந்த எண்ணை ஊரெல்லாம் மேற்கோள் காட்டுகிறார்கள், பெரும்பாலும் பயமுறுத்துவதற்காக. நிறுவனம் தன் வியாபாரத்துக்காக நடத்திய ஆய்வு, பங்கேற்றவர்களும் சிலரே என்பதால் தசம எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது கண் நின்ற இடங்களை. பெயர், இப்போதைய பதவி, நிறுவனம், முந்தைய பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, படிப்பு ஆகியவற்றில்தான் பார்வை பெரிதும் தங்கியது. தெளிவான தலைப்புகளும் எளிய அடுக்கும் கொண்ட தாளில் பார்வை சீராக இறங்கியது. நெருக்கியடித்த தாளில் அலைந்தது. இதை நம் ரெஸ்யூமேயோடு பொருத்திப் பாருங்கள். அந்த ஏழு வினாடியில் படிப்பவருக்கு முதலில் கிடைப்பது சவாலான சூழலில் வளர விரும்பும் ஆசை. அந்த வாக்கியத்தை யாரும் படிப்பதில்லை என்பதுகூட இரண்டாம் பட்சம். தாளின் ஆக விலையுயர்ந்த மனையில், எல்லோரும் ஒன்றுபோல் கட்டிய ஒரு வெற்றுச் சுவரை எழுப்பியிருக்கிறோம். அந்த இடத்தில் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள், அதற்கு உங்களிடம் இருக்கும் ஆகப் பெரிய தகுதி எது என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

அடுத்தது 'யார்' என்ற பகுதி. இது வெறும் இடத்தை அடைப்பதோடு நிற்கவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்கிறது. பெர்ட்ரண்ட், முல்லைநாதன் என்ற இரு பொருளியலாளர்கள் பாஸ்டனிலும் சிகாகோவிலும் சுமார் 5,000 கற்பனை ரெஸ்யூமேக்களை அனுப்பி 2004இல் வெளியிட்ட ஆய்வு பிரசித்தம். வெள்ளையர் பெயராகத் தோன்றிய ரெஸ்யூமேக்களுக்கு அழைப்பு 50 சதவீதம் அதிகமாக வந்தது, உள்ளடக்கம் ஒன்றேதான். அதில் இன்னொரு கசப்பான முடிவும் உண்டு: ரெஸ்யூமேயின் தரத்தை உயர்த்தியபோது வெள்ளையர் பெயருக்குக் கிடைத்த கூடுதல் பயன், கறுப்பர் பெயருக்கு அந்த அளவில் கிடைக்கவில்லை. நம் நாட்டில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போயின. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு விகிதம் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. டெல்லியில் மென்பொருள், கால்சென்டர் வேலைகளை வைத்து 2009இல் வெளிவந்த வேறொரு ஆய்வின் முடிவு இவ்வளவு சீரானதல்ல. மென்பொருள் வேலைகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை, கால்சென்டரில் தெரிந்தது. துறைக்குத் துறை கதை மாறுகிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது; அதன் தொடர்ச்சியாக நம் பெயருக்கு முன்னால் நிற்பது ஓர் எழுத்து மட்டும். பெயரிலிருந்து வெளியேற்றிய தகவலை, ரெஸ்யூமேயின் அடியில் மதம், தந்தை பெயர், முழு முகவரி என்று மூன்று வரியில் நாமே திரும்ப அழைத்து உட்காரவைக்கிறோம். தெருப் பெயரும் கிராமப் பெயரும் எவ்வளவு சொல்லும் என்பது இங்கே பிறந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஊரும் மாவட்டமும் போதும். கதவு எண்ணை வேலை கிடைத்த பிறகு கேட்பார்கள்.

எல்லா அடையாளத்தையும் அழித்துவிட்டால் பாரபட்சம் ஒழிந்துவிடும் என்ற முடிவுக்கும் தாவ முடியாது. பிரான்சில் பெயர் நீக்கிய ரெஸ்யூமேக்களைச் சோதித்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வின்படி, சிறுபான்மையினருக்கு அழைப்பு கூடுவதற்குப் பதில் குறைந்தது. சோதனையில் விரும்பிச் சேர்ந்த நிறுவனங்கள் முன்பே நியாயமாக நடந்துகொண்டவை என்பது ஒரு காரணம். பெயர் தெரிந்தால் ரெஸ்யூமேயில் உள்ள குறையை 'அவர் சூழல் அப்படி' என்று பொறுத்துக்கொண்டவர்கள், பெயர் மறைந்ததும் குறையை மட்டும் பார்த்தார்கள் என்பது ஆய்வாளர்கள் சொன்ன இன்னொரு விளக்கம். ஆக, அடையாள வரிகளை எடுப்பது வேலையில் பாதி. எடுத்த இடத்தில் என்ன வைக்கிறோம் என்பது மீதி. வளைகுடா வேலைக்கு அனுப்பும்போது பிறந்த தேதி, தேசியம், பாஸ்போர்ட் விவரம் கேட்பார்கள். விசா வேலை அதில் நடக்கிறது. அங்கே கொடுத்துத்தான் ஆக வேண்டும். அரசு வேலைக்குப் படிவமே உண்டு. இவை கேட்கும் இடத்தில் கொடுக்க வேண்டியவை, கேட்காத இடத்தில் எதற்கு என்பதுதான் கேள்வி. பெயர் விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை: இன்ஷியலை விரித்து எழுதுவதா, பின்னால் போடுவதா என்பதில் சான்றிதழ் ஒரு மாதிரி, ஆதார் ஒரு மாதிரி, ரெஸ்யூமே ஒரு மாதிரி இருந்தால், வேலை கிடைத்த பிறகு சரிபார்ப்பில் வாரக்கணக்கில் இழுத்தடிக்கும். சான்றிதழில் உள்ளபடி எழுதிவிடுவது உத்தமம்.

இனி, எடுத்த இடத்தில் என்ன வைப்பது? மூன்று வரிகளை அருகில் வைத்துப் பார்ப்போம். ஒரு கணக்காளர் தன் ரெஸ்யூமேயில் 'டாலி, ஜிஎஸ்டி தெரியும்' என்று எழுதுகிறார். இந்த வரி பொய்யில்லை. ஆனால் மூன்று மாத வகுப்புக்குப் போனவரும் இதைத்தான் எழுதுவார், பத்து வருடம் ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவரும் இதைத்தான் எழுதுவார். அதே ஆள், 'மூன்று கடைகளின் விற்பனைக் கணக்கை டாலியில் ஏற்றி, மாதாமாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்கிறேன். கொள்முதல் ரெஜிஸ்டரை 2பி-யோடு ஒப்பிட்டு விட்டுப்போன இன்புட் கிரெடிட்டைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு' என்று எழுதினால், முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். தேதிகளும் படிவ எண்களும் வேலை தெரிந்தவர் வாயில் மட்டும் தன்னால் வருபவை. ஒசூரிலோ ஒரகடத்திலோ லேத் ஓட்டுபவர் 'சிஎன்சி ஆபரேட்டர், 3 வருடம்' என்று நிறுத்திக்கொள்கிறார். வேலை தெரிந்த மேனேஜர் கேட்கும் முதல் கேள்வி, நீ பட்டனை அழுத்துபவனா, செட்டிங் போடுபவனா என்பது. 'ஃபானுக் கன்ட்ரோல் டர்னிங் சென்டரில் டூல் மாற்றி, ஆஃப்செட் திருத்தி, முதல் பீஸை நானே மைக்ரோமீட்டரில் அளந்து ஓகே செய்வேன், 0.02 மி.மீ. டாலரன்ஸ் வேலைகள்' என்ற வரி அந்தக் கேள்வியைக் கேட்கும் முன்பே தீர்த்துவிடுகிறது. சம்பளமும் அங்கேதான் பிரிகிறது.

மூன்றாவது வரி, பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் மறுபிறவி எடுக்கும் 'ஸ்மார்ட் இரிகேஷன் சிஸ்டம் யூஸிங் ஐஓடி'. தலைப்பு, குழுவில் நான்கு பேர், வழிகாட்டியின் பெயர் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். மண் ஈரத்தை அளந்து மோட்டாரைப் போட்டு அணைக்கும் இந்த ப்ராஜெக்டை உண்மையிலேயே செய்தவருக்கு ஒரு விஷயம் தெரியும்: சந்தையில் மலிவாகக் கிடைக்கும் இரண்டு கால் உணரியை ஈர மண்ணில் குத்திவைத்தால் மின்பகுப்பில் அந்தக் கால்கள் அரித்துப்போய் அளவு தப்பும். 'உணரிப் பகுதி என் பொறுப்பு. முதலில் போட்ட மின்தடை வகை உணரி அரித்ததால் கபாசிட்டிவ் வகைக்கு மாற்றி, உலர்ந்த மண், நனைந்த மண் இரண்டிலும் அளவு எடுத்துச் சரிசெய்தேன்' என்று எழுதினால், கடையில் காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்டுக்கும் கையால் செய்ததற்கும் இடையே இருக்கும் தூரம் ஒரே வரியில் தெரிந்துவிடும். தோற்றதை எழுதலாமா என்று கேட்பார்கள். என்ன தவறானது, எப்படிச் சரிசெய்தேன் என்ற ஜோடியாக எழுதினால் தாராளமாக எழுதலாம். நேர்காணலில் அடுத்த பத்து நிமிடம் பேச்சு அதைப் பற்றியே ஓடும். அது விண்ணப்பதாரர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த மைதானம்.

இதெல்லாம் எழுத்தழகு பற்றிய அபிப்பிராயம் மட்டும்தானா? செய்ததற்கான ஆதாரத்துக்குச் சந்தையில் மதிப்பு உண்டு என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் இரண்டு சோதனைகள் நடந்திருக்கின்றன. ஜோகன்னஸ்பர்க்கில் வேலை தேடிய இளைஞர்களின் திறன்களைச் சோதித்து, முடிவுகளைச் சான்றிதழாகக் கொடுத்து, அதை ரெஸ்யூமேயோடு இணைக்கச் சொன்னார்கள். 2022இல் வெளியான முடிவின்படி வேலை கிடைத்தவர்கள் எண்ணிக்கை 17 சதவீதம் கூடியது, வருமானம் 34 சதவீதம் கூடியது. முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கி இணைத்தவர்களுக்கு அழைப்பு 60 சதவீதம் கூடியது என்பது இன்னொரு சோதனை. இரண்டிலும் ஆளின் திறமை அப்படியேதான் இருந்தது. அதைக் கண்ணால் பார்க்க முடிந்ததுதான் புதிது. இதன் மறுபக்கமாக, ஆள் தேர்வு முறைகளை ஒப்பிட்டு ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998இல் வெளியிட்ட பெரும் தொகுப்பாய்வைச் சொல்ல வேண்டும். பின்னாளைய வேலைத் திறனோடு எது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்ததில், வேலையையே மாதிரியாகச் செய்யவைத்துப் பார்ப்பதற்கு 0.54, எத்தனை வருட அனுபவம் என்பதற்கு 0.18, எத்தனை வருடம் படித்தார் என்பதற்கு 0.10. பின்னால் வந்த திருத்தங்கள் சில எண்களைக் குறைத்திருக்கின்றன. ஆனாலும் நம் ரெஸ்யூமே தலையில் தூக்கிவைத்திருக்கும் வருடக் கணக்குக்கும் படிப்புக் கட்டத்துக்கும் அவ்வளவு பாரம் தாங்கும் தெம்பு இல்லை என்பது தெளிவு.

இங்கே முதல் ஆட்சேபம் எழும், அதுவும் நியாயமாகவே. மதிப்பெண் கட்டத்தைக் கேலி செய்வது எளிது. பெருந்திரளாக ஆள் எடுக்கும் மென்பொருள் நிறுவனங்கள் கேம்பஸில் கேட்பதே பத்து, பன்னிரண்டு, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம் 'த்ரூஅவுட்' இருக்கிறதா, அரியர் நிலுவையில் இருக்கிறதா என்பதைத்தானே? உண்மை. அந்த வாசலில் சதவீதம் டிக்கெட் மாதிரி. இல்லாதவரை உள்ளே விடமாட்டார்கள். ஆனால் உள்ளே போன அத்தனை பேரிடமும் அதே டிக்கெட் இருக்கிறது. வாசலைத் தாண்டியபின் அதைக் காட்டி யாரையும் முந்த முடியாது. அதனால் மதிப்பெண் ஒரு வரியில் இருக்கட்டும், கட்டம் போட்டுக் கால் பக்கத்தை விழுங்க வேண்டாம். அந்த 60ஐத் தொடாதவருக்கோ ரெஸ்யூமே தரும் ஒரே வழி, சதவீதம் கேட்காத சிறிய, நடுத்தர நிறுவனங்களின் கதவு. அங்கே ஆள் எடுப்பவர் பெரும்பாலும் அந்த வேலையைத் தெரிந்தவராகவே இருப்பார். அவர் முன்னால் உணரி அரித்த கதைக்கு மதிப்பு அதிகம்.

புதிதாகப் படித்து வந்தவனிடம் 'செய்தது' என்று என்ன இருக்கும் என்பது அதையொட்டிய கேள்வி. ரெஸ்யூமேயின் ஆதிமூலம் என்று 1480களில் லியனார்டோ டாவின்சி மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு எழுதிய கடிதத்தைக் காட்டுவது வழக்கம். ஆட்சியாளருக்கு அப்போது தேவை போர் என்பதறிந்து பாலம், பீரங்கி, கவச வண்டி என்று அடுக்கி, ஓவியம் வரைவேன் என்பதைக் கடைசியில் சேர்த்த சாமர்த்தியத்தை எல்லோரும் சிலாகிப்பார்கள். அந்தக் கடிதம் பெரும்பாலும் 'முடியும்' என்ற வாக்குறுதிகளால் ஆனது, 'செய்தேன்' என்பது அதில் அரிது என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அதை ஈடுகட்ட முடிவில் ஒன்று சொல்கிறார்: இவற்றில் எதுவும் நடக்காது என்று யாருக்காவது தோன்றினால் உங்கள் தோட்டத்திலோ நீங்கள் சொல்லும் இடத்திலோ செய்துகாட்டத் தயார் என்று. புதியவருக்கு உதவும் பாடம் அந்த வரியில்தான் இருக்கிறது. இயங்கும் செயலியின் இணைப்பு, கிட்ஹப் பக்கம், வரைந்த டிசைன், எழுதிய அறிக்கை என்று சோதித்துப் பார்க்கக் கூடியது ஒன்று தாளில் இருந்தால் அனுபவமின்மை பாதி சரிக்கட்டப்படும். தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் படித்த படிப்பின் பெயரை மட்டும் எழுதுபவர்கள் உண்டு. அந்தப் படிப்பில் கடைசியாகச் செய்த பயிற்சி என்ன என்று எழுதியவர் அதே வகுப்பிலிருந்து தனியே தெரிவார். வகுப்பு லீடர், கல்லூரி விழா வரவு செலவு, அப்பாவின் கடையில் சரக்குக் கணக்கு இவையும் செய்தவையே. மளிகைக் கடைக் கல்லாவில் நான்கு வருட மாலை நேரங்களைக் கழித்தவர் அதை மறைத்துவிட்டு 'பொழுதுபோக்கு: பாட்டு கேட்பது' என்று எழுதுவதைப் பார்க்கையில் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் இயந்திரம் பற்றியது. மனிதர் கண்ணுக்கு எழுதி என்ன பயன், மென்பொருள்தான் முதலில் வடிகட்டுகிறதே என்கிறார்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து ரெஸ்யூமேக்களை மனிதர் பார்ப்பதே இல்லை என்றொரு கணக்கு உலவுகிறது. அதற்கு முறையான ஆய்வு ஆதாரம் எதுவும் இல்லை, ரெஸ்யூமே திருத்தித் தருவதாகச் சொல்லிக் காசு வாங்குபவர்களுக்கு வசதியான எண் என்பதால் வாழ்கிறது. ஆனால் வடிகட்டலே பொய்யென்று ஆகிவிடாது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் அக்செஞ்சரும் 2021இல் வெளியிட்ட அறிக்கையில், விளம்பர நிபந்தனையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தாத காரணத்தால் தகுதியுள்ளவர்களும் வெளியே தள்ளப்படுகிறார்கள் என்று 88 சதவீத நிறுவனங்களே ஒப்புக்கொண்டன. அமேசான் தன் பத்தாண்டு ரெஸ்யூமேக்களைக் கொண்டு பழக்கிய தேர்வு இயந்திரம், பெண்கள் என்ற சொல் வந்த ரெஸ்யூமேக்களுக்கு மதிப்பெண் குறைத்ததையும், அதை நிறுவனம் கைவிட்டதையும் 2018இல் ராய்ட்டர்ஸ் வெளிக்கொண்டுவந்தது. இயந்திரத்துக்காகச் செய்ய வேண்டியது உண்மையில் கொஞ்சம்தான், அதையும் செலவில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். பிடிஎஃப் கோப்பைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பெயர், தொலைபேசி, பதவி, தேதி எல்லாம் வரிசையாக வந்தால் சரி. கேன்வா வார்ப்புருவில் இரண்டு பத்தியாகப் பிரித்துச் செய்த அழகான தாள் இந்தச் சோதனையில் சிதறி, தொலைபேசி எண் படிப்புக்கு நடுவே போய் விழும். படமாகச் சேமித்த ரெஸ்யூமே வெறும் வெள்ளையாக வரும். திறமைக்கு நேரே ஐந்தில் நான்கு நட்சத்திரம் போட்டிருந்தால் நட்சத்திரம் காணாமல் போகும். போனது நல்லதுதான். ஜாவாவில் நான்கு நட்சத்திரம் என்றால் என்ன என்று கேட்டால் போட்டவருக்கே தெரியாது. விளம்பரத்தில் உள்ள சொல்லையே உண்மையாகச் செய்த வேலைக்குப் பயன்படுத்துவது நியாயம். வெள்ளை எழுத்தில் சொற்களைக் கொட்டி ஒளித்துவைக்கும் தந்திரம், அதே நோட்பேடில் ஒட்டினாலே பல் இளிக்கும்.

மூன்றாவது, இடைவெளி. கல்யாணம், பிரசவம், மாமனாரின் நோய், அரசுத் தேர்வுக்குப் படித்த மூன்று வருடம் என்று இங்கே இடைவெளிக்குக் காரணம் நிறைய. வேலையில்லாக் காலம் நீள நீள அழைப்பு குறைவதையும், அந்தச் சரிவு முதல் எட்டு மாதத்திலேயே பெரும்பாலும் நடந்துவிடுவதையும் அமெரிக்காவில் 12,000 ரெஸ்யூமேக்கள் அனுப்பிய 2013ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. சேர்ந்த, விலகிய தேதிகளுக்குப் பதில் 'நான்கு வருடம்' என்று கால அளவை மட்டும் எழுதினால், இடைவெளி தெரியும்படி எழுதியதைவிட 15 சதவீதம் கூடுதல் அழைப்பு வந்ததாக பிரிட்டனில் நடந்த சோதனை ஒன்று 2022இல் சொன்னது. இந்த உத்தியை இங்கே அப்படியே பரிந்துரைக்கத் தயக்கம் இருக்கிறது. தேதி இல்லாத ரெஸ்யூமேயைப் பார்த்ததும் போலி அனுபவச் சான்றிதழ் ஞாபகம் வரும் அளவுக்கு நம் எச்.ஆர். உலகம் சூடுபட்டிருக்கிறது. தேதியோடு கால அளவையும் பதவிக்குப் பக்கத்தில் பளிச்சென்று எழுதி, இடைவெளிக்கு ஒரே ஒரு வரி நேராகச் சொல்லிவிடலாம்: '2019 முதல் 2022 வரை குரூப்-2 தேர்வுக்குத் தயாரானேன்'. மூன்று வருடம் தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்து படித்தது வெட்கப்பட வேண்டிய விஷயமா என்ன? மறைத்தால்தான் பிரச்சினை. 2014க்குப் பிறகு பி.எஃப். கணக்குக்கு ஒரே யு.ஏ.என். எண் வந்துவிட்டதால் எங்கே எப்போது சேர்ந்தார், விலகினார் என்பது சேவை வரலாற்றில் பதிவாகிக் கிடக்கிறது. இரண்டு வருடத்தை நான்காக்கி எழுதியவர் மாட்டிக்கொள்வது நேர்காணலில் அல்ல. வேலையில் சேர்ந்து, பழைய வேலையை விட்டுவிட்ட பிறகு.

இனி எழுத்து. பிழைகள் வேலையைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அதற்கு இவ்வளவு விலையா என்று வியக்கும்படி ஒரு சோதனை 2023இல் வெளிவந்தது. இணையவழி வேலைச் சந்தை ஒன்றில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரில் ஒரு பகுதியினருக்கு மட்டும், பிழை திருத்தி நடையைச் சரிசெய்யும் மென்பொருளின் உதவி கொடுத்தார்கள். உதவி பெற்றவர்களுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு 8 சதவீதம் கூடியது. ஆங்கிலத்தில் எழுதத் தடுமாறும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இது நல்ல செய்தி. இலவசமாகக் கிடைக்கும் உதவியை மறுக்க வேண்டியதில்லை. சிக்கல், திருத்தச் சொல்வதற்குப் பதில் எழுதவே சொல்லும்போது வருகிறது. சாட்ஜிபிடியிடம் 'எனக்கு ஒரு ரெஸ்யூமே எழுது' என்றால், உணரி அரித்ததும் 11ஆம் தேதியும் அதற்கு எப்படித் தெரியும்? அது கொடுப்பது, முடிவுகளை நோக்கி உழைக்கும் ஆர்வமிக்க தொழில்முறையாளர் ஒருவரை. பழைய கேரியர் ஆப்ஜெக்டிவ் புதுச்சட்டை போட்டுத் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவே. செய்ததைத் தமிழிலேயே, நண்பனிடம் சொல்வதுபோல் நான்கு வரி எழுதிக் கொடுத்து, இதை ஆங்கிலத்தில் பிழையில்லாமல் மாற்று, புதிதாக எதையும் சேர்க்காதே என்று கேட்டால் பயன் கிடைக்கும்.

கடைசி ஆட்சேபம்தான் ஆகப் பெரியது. இங்கே வேலை ஆள் தெரிந்தால் கிடைக்கிறது, ரெஸ்யூமே வெறும் சடங்கு. இதில் பெரும்பகுதி உண்மை என்று ஒப்புக்கொள்வதில் தயக்கமில்லை. நிறுவனங்களே ஊழியர் பரிந்துரைக்குப் போனஸ் கொடுத்து வளர்க்கும் வழக்கம் அது. சமமில்லாத வழிதான்; மாமா ஐ.டி. பார்க்கில் இருப்பவருக்கும் வீட்டிலேயே முதல் பட்டதாரிக்கும் இடையில் உள்ள தூரத்தை எந்த எழுத்துருவும் குறைக்காது. ஆனால் பரிந்துரை எப்படிப் பயணம் செய்கிறது என்று பாருங்கள். தெரிந்த அண்ணன் ஒருவர், 'தம்பி, ரெஸ்யூமேயை அனுப்பு, மேனேஜருக்கு ஃபார்வர்டு பண்றேன்' என்கிறார். வாட்ஸ்அப்பில் 'ரெஸ்யூமே நியூ ஃபைனல் 2' என்ற பெயரில் ஒரு பிடிஎஃப் போகிறது. அண்ணனுக்குத் தம்பியைத் தெரியும், தம்பி செய்த வேலை தெரியாது. மேனேஜருக்கு என்ன எழுதி அனுப்புவது என்று பார்க்கக் கோப்பைத் திறக்கிறார். கைபேசித் திரையில் தெரிவது தாளின் மேல் மூன்றில் ஒரு பங்கு. அங்கே அவருக்கு ஒரு வரி கிடைத்தால் அதை அப்படியே எடுத்து 'செட்டிங் தெரிந்த பையன், ஃபானுக்கில் மூன்று வருஷம்' என்று எழுதுவார். சவாலான சூழலில் வளர விரும்புவதாக இருந்தால், 'நம்ம ஊர்ப் பையன்தான் சார், கொஞ்சம் பாருங்க' என்று எழுதி அனுப்புவார்.